மூன்றாவது கம்ப்யூட்டரில் மட்டும்

2005 வாக்கில் பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருந்தேன். யாரையும் லேசில் நம்பமாட்டேன். மெஷின் தானாகக் கெடாது, யாரோ கெடுக்கிறார்கள் என்பதுதான் அப்போது என் கட்சி.

மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீஸ். ஒயரால் இணைத்த மூன்று கம்ப்யூட்டர்கள். லாரிகளுக்குச் சீட்டு அடிக்கும் சாப்ட்வேரை முதல் கம்ப்யூட்டரிலிருந்து மற்ற இரண்டிலும் ஏற்றவேண்டும். இரண்டாவதில் ஏறிவிட்டது. மூன்றாவதில் பாதி வந்ததும் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது.

அந்த மூன்றாவது, சீட்டெழுதும் அக்காவின் மேஜையில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கையால் எழுதுகிறவர். சாப்ட்வேர் வந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை? நான் டீ குடிக்கப் போனபோதெல்லாம் அவர்தான் தனியாக உள்ளே இருந்தார். இது போதாதா எனக்கு?

"இன்னாப்பா, ஆச்சா?" என்று முதலாளி வந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"மெஷின் நல்லாத்தான் இருக்குது சார். யாரோ கை வைக்கிறாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். "நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா."

அக்கா என்னிடம்தான் சொன்னார்: "நான் அத்த தொட்டதே இல்லப்பா. தொடவே பயம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாவது முறையும் நின்றது. இப்போது சந்தேகப்பட ஆளில்லை. மேஜைக்கடியில் புகுந்து, மூன்றாவதை இணைக்கும் ஒயரை உருவினேன். முனையில் கறுப்பாகப் பிசுபிசுப்பு. முகர்ந்தால் இன்ஜின் கிரீஸ்.

"நான்தான் தடவுனேன்" என்றார் முதலாளி, பெருமையாக. "ஜன்னலாண்ட இருக்குதுல்ல, உப்புக்காத்துல துரு புடிச்சிடும். பம்ப்செட்டு போல்ட்டுக்கெல்லாம் அப்டித்தான் தடவுவோம்."

தொடர்பை விட்டுவிட்டு அறுத்த கிரீஸைத் துடைத்து, ஒயருக்குப் புது முனை போட்டேன். பத்தே நிமிஷத்தில் சாப்ட்வேர் ஏறிவிட்டது.

"சார், அப்ப அந்த அக்கா மேல தப்பு இல்லியே. கூப்ட்டு சொல்லிடலாமா?"

"வுடுப்பா. இது வந்தப்புறம் அந்தம்மாவுக்கு இன்னா வேல? எப்டி நிறுத்துறதுன்னு நானே யோசிச்சிகினு இருந்தேன். நல்லவேளையா நீ சொன்ன."

எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், இவரைச் சந்தேகப்படவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அக்கா பிரம்மதேசம் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே கேட்டார்.

"வேல முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதுக்கா" என்றேன். கிரீஸைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.