லோகநாயகியின் பழைய முகம்

சில ஆட்களை நினைத்தாலே எனக்கு வாயில் எச்சில் கூடும், துப்புவதற்காக. அந்த வரிசையில் இப்போது முதல் ஆள் சிதம்பரம் ஸ்ரீதர். அவனிடம் வருவதற்கு முன் லோகநாயகி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அக்காவும் நானும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறோம். அவர் பார்மசி படித்தவர், மருந்து எடுத்துக் கொடுப்பார். நான் பில் போடுகிறேன். அக்காவுக்கு வெண்புள்ளி. முகத்தில் பாதி, கைகளில் முழங்கை வரை பரவிவிட்டது. ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயரை நான் எழுதமாட்டேன். தொற்றாது, வலிக்காது, தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான். ஆனால் அவர் மாத்திரை அட்டையை நீட்டினால் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொள்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். குளித்து நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு வருகிற பெரிய மனிதர்களும் இதில் உண்டு.

விரலில் அது தொடங்கியபோது அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. ஒரு கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போனவரைச் சொந்த அத்தையே தடுத்தாளாம். "நீ போயி உள்ள உக்காரு. சாப்புடுறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று சொல்லி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஜக்கை வாங்கியிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனார். அந்தக் காலத்து சென்டர்களை நினைத்து இன்றைக்குச் சிலர் உருகுகிறார்கள். உருக ஒன்றும் இல்லை. பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை, முன்னால் இருந்தவன் பஜ்ஜி தின்ற கையோடு தட்டிய கீபோர்டு. ஓர் எழுத்தை அடித்தால் போதும், அதற்கு முன் வந்தவர்கள் பார்த்த இணைய முகவரியெல்லாம் கீழே வரிசையாக இறங்கும். பெரும்பாலும் சாக்கடை. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பெயரை அக்கா அடிக்கத் தொடங்கினார். அடித்து முடிப்பதற்குள் அதே பெயரில் ஒரு குழுவின் முகவரி இறங்கியது.

இதே ஊரில், இதே நாற்காலியில், தன்னைப் போல ஒருத்தர் உட்கார்ந்து தேடியிருக்கிறார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அக்கா அந்தத் திரைக்குள்ளேயே அழுதாராம்.

அது ஒரு மெயில் குழு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். நடத்தியவன் ஸ்ரீதர், அப்போது காலேஜ் மாணவன், அவனுக்கும் வெண்புள்ளி. புதிதாக வருகிறவர்களிடம் அவன் ஒன்றுதான் கேட்பான்: "பேர் வேணாம், ஊர் வேணாம். ஒங்களுக்கு எங்க ஆரம்பிச்சுது?"

அக்கா எழுதினார்: "வலது கை, ரெண்டு வெரல்."

மறுநாள் போய்ப் பார்த்தால் பதில்கள் வந்து நின்றன. எனக்கு உதடு. எனக்கு முழங்கால். எனக்குக் கண் இமை. அந்த வருஷமே சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் சந்தித்தார்கள். வீட்டில் தட்டைத் தனியாக வைத்துச் சோறு போடப்பட்டவர்கள், ஒரே தட்டில் கைவைத்துப் பூரி தின்றார்கள். அங்கேதான் ஸ்ரீதர் எல்லாரையும் படம் எடுத்தான், நம்ம ஆட்கள் மட்டும் பார்க்க என்று சொல்லி. அதற்குள் புள்ளி முகத்துக்கும் வந்திருந்தது, இருந்தும் அக்கா முகத்தைக் காட்டினார். அந்தத் தைரியத்தில்தான் மேலே படித்து, இந்தக் கவுண்டருக்கும் வந்தார்.

குழு பிறகு வாட்ஸ்அப்புக்குப் போனது. நூற்றுக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். போன வருஷம் ஸ்ரீதர் அதில் எண்ணெய் விற்க ஆரம்பித்தான், தடவினால் நிறம் திரும்புமாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேளுங்கக்கா அவன" என்றேன்.

"அவரு இல்லன்னா நான் வீட்டுக்குள்ளயே கெடந்து செத்திருப்பேன்டி. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு குரூப்தான்" என்றார் அக்கா. வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்ற பயம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, குமராட்சிப் பக்கத்திலிருந்து மங்கலம் என்ற அம்மாவும் மகள் இலக்கியாவும் கடைக்கு வந்தார்கள். தோல் குறை தீர, திருவந்திபுரம் பெருமாள் கோயில் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போட்டு வேண்டிக்கொண்டு திரும்புகிறார்கள். பெண் இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மங்கலம் போனை நீட்டினாள்.

"இந்த எண்ணெ இருக்காம்மா? இந்தப் பொண்ணுக்கு முழுசா சரியாயிடுச்சாம்."

எட்டிப் பார்த்தேன், ஸ்ரீதரின் எண்ணெய் விளம்பரம். 'முன்' என்ற இடத்தில், அவன் ஓட்டலில் எடுத்த அக்காவின் அந்தக் காலத்து முகம். 'பின்' என்ற இடத்திலும் அதே முகம்தான், புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் பூசி மறைத்திருந்தார்கள்.

அக்கா போனை வாங்கித் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

"நல்லா பாருங்க. இது நான்தான்."

மங்கலம் படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மகளை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டாள். "நீங்க எண்ணெய ஒழுங்கா தடவியிருக்க மாட்டீங்க" என்றாள்.

அக்கா கோபப்படவில்லை. "ஒரு நாளும் தடவுனதில்லம்மா. இந்தப் படம் எடுத்தப்ப எண்ணெயே கெடையாது" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒனக்கு எங்கம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். "ஒண்ணுமில்ல, வெயில் பட்டது" என்று தாய்க்காரி முந்திக்கொண்டாள். தலைவலி மாத்திரை வாங்கினாள். பில்லை மகள்தான் வாங்கிக்கொண்டாள். போய்விட்டார்கள்.

"என்னை ஒரு போட்டோ எடு" என்றார் அக்கா. எடுத்தேன். குழுவில் போட்டார்: "எண்ணெ விளம்பரத்துல இருக்கறது என் மொகம். இப்ப இப்படித்தான் இருக்கேன். ஏமாறாதீங்க."

டீ ஆறுவதற்குள் ஸ்ரீதர் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டான், படத்தையும் அழித்தான். அது போகட்டும், அவன் வியாபாரி. ஒரே தட்டில் பூரி தின்றவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒருத்தர் தனியாக அனுப்பினார்: "நீங்க சொன்னது சரிதான். ஆனா என் பேர இழுக்காதீங்க." அத்தைக்காரி துணி சுற்றி ஜக்கை வாங்கினாளே, அவளாவது எதிரே நின்று செய்தாள். அக்கா அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் கடை போனில் ஒரு செய்தி வந்தது, பில்லில் இருக்கும் நம்பருக்கு. படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினேன்.

"அக்கா, எனக்கு எடது கை. சுண்டு வெரல்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, நின்றபடியே பதில் அடித்தார்.

"எனக்கு வலது கை, ரெண்டு வெரல்."