மலையுச்சியில் ஒரு கணக்கெடுப்பு

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. நல்ல வெயில், ஆனாலும் காற்றில் குளிர் விடவில்லை. மேகங்கள் எங்களுக்குக் கீழே கிடந்தன. இலங்கையில், சிவனொளிபாத மலையின் உச்சியில், மணியடிக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அந்த மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. இதுவரை எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவருக்கு ஒன்று. எனக்கு ஒன்று. இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. இருந்தும் சட்டைப் பையிலிருந்த போனை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் திரும்ப உள்ளே வைத்தேன்.

அந்த மலையைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஓசூரில் என்னோடு வேலை பார்த்த ஸ்டோர் கீப்பர். மலைக்கு அடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுக்குள் அப்பாவோடு ஆறு முறை ஏறியிருந்தார். பதின்மூன்றாவது வயதில் இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தூரில் வந்து சேர்ந்து, அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வேலைக்கு வந்தார். நான் கணக்குப் பிரிவு. ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் அவர் ஏணிமேல் நின்று அலமாரியில் இருப்பதை எண்ணிச் சொல்வார்; நான் கீழே அட்டையில் எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போனால் மேலேயிருந்து, "டாலி, சார்" என்பார். இப்படி இருபத்துமூன்று கணக்கெடுப்புகள். ஏணியில் கால் வைத்தாலே அவருக்கு அந்த மலை ஞாபகம் வந்துவிடும். லோடு இறக்கும் கன்னடக்காரர்கள், "என்னா ஸ்டோரு, இன்னிக்கு பெட்டா ஏறியாச்சா?" என்று கிண்டல் செய்வார்கள். பெட்டா என்றால் அவர்கள் பாஷையில் மலை. "ஏழாவது தடவ பாக்கி இருக்குதுப்பா" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த தட்டை எண்ண ஆரம்பிப்பார்.

ஒரு வருடம் கனம் அளக்கும் மைக்ரோமீட்டர்கள் நான்கு குறைந்தன. சரிபார்ப்பதற்காகப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார். வேலை அவசரத்தில் வெளியே அனுப்பும் சீட்டை எழுத மறந்திருந்தார். ஏணியிலிருந்து இறங்கிவந்து, "இருக்குதுன்னு எழுதிடுங்க சார். பொருள் திங்கக்கிழம வந்துடும்" என்றார். கண்ணால் பார்க்காததை எழுதுவதில்லை என்பது என் கொள்கை. குறைவு நான்கு என்று எழுதினேன். அவருக்கு மெமோ வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. திங்கட்கிழமை நான்கும் வந்தன. என் மேசையில் வரிசையாக வைத்து, "எண்ணிக்குங்க சார்" என்றார். எண்ணினேன். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. பத்தரை மணி டீக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அதை மறந்திருப்பேன்.

ஓய்வு பெற்றதும் இருவரும் சேர்ந்து மலைக்குப் போவதாகப் பேச்சு. அவர் உடனே பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். நான்தான் தள்ளிப்போட்டேன். ஒரு வருடம் வீட்டு மாடி வேலை, ஒரு வருடம் மகளின் பிரசவம், ஒரு வருடம் டிக்கெட் விலை. நான்காவது வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிருஷ்ணகிரியில் வாரம் இரண்டு டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. கொழும்பிலிருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கப் போகிறேன் என்று சொல்ல மத்தூர் போனபோது, கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "எனக்காக ஏழு அடிச்சிட்டு வருவீங்களா சார்?" மருந்து நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த ஞாயிறு விடியும்போது, ஐந்தே முக்காலுக்கு, மாப்பிள்ளையோடு ஏற ஆரம்பித்தேன். சூரியோதயம் பார்த்துவிட்டு இறங்கும் கூட்டம் முழுவதும் எங்களுக்கு எதிரே வந்தது. கைக்குழந்தைகள், வெள்ளை உடுத்திய பாட்டிமார், தோளில் கைபோட்டு இறங்கும் கல்லூரிப் பையன்கள். ஓர் ஆள் விலகினால்தான் இன்னொரு ஆளுக்குப் படி. நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கில் ஒரு டீக்கடை. இன்னும் எத்தனை படி என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்துத் தமிழ் அம்மா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க அப்பிடி கேக்கக் கூடாதுங்க ஐயா. எண்ணிக்கிட்டுப் போறவங்களுக்கு மல நீண்டுக்கிட்டே போகும்." மாப்பிள்ளை வேறுபக்கம் திரும்பிச் சிரித்தார். டீயைக் குடித்து எழுந்தபோது எண் மறந்துவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க மனமில்லை. அதற்குமேல் ஸ்டோர் கீப்பரை நினைத்துக்கொண்டு ஏறினேன். பன்னிரண்டு வயதில் இந்தப் படிகளை அவர் ஓடியே ஏறியிருப்பார்.

வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தபோது போன் செய்தேன். அவரே எடுத்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். மேலே என்றேன். "காத்து சத்தம் கேக்குதுங்க சார். அதே காத்துதான்" என்றார்.

என் முறை வந்தது. போனை மணிக்கு அருகில் பிடித்துக் கயிற்றை ஒருமுறை இழுத்தேன். "ஒண்ணு" என்றார், ஏணிமேல் நின்று சொல்லும் அதே குரலில். என் கை கயிற்றை விட்டுவிட்டது. "ஸ்டோரு, நான் ஏறினது ஒரு தடவைதான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது.

"ஆமாங்க சார். பாக்காதத நீங்க எழுத மாட்டீங்க" என்றார். கோபம் துளியும் இல்லை. "அதனால என்ன? பொருள் திங்கக்கிழம வந்துடும்." சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

கயிற்றை மறுபடி பிடித்தேன். அவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து. ஆறோடு அவர் குரல் கம்மிவிட்டது. ஏழாவதை அடித்தபோது அவரிடமிருந்து எண் வரவில்லை. காத்திருந்தேன். பிறகு மெதுவாக, "டாலி, சார்" என்றார்.

எட்டு தடவை மலையேறிய பெரியவர் என்று நினைத்து, பின்னால் நின்ற சிங்கள இளைஞன் குனிந்து என் காலைத் தொட்டான். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய்க்கணக்குக்குக் கிடைத்த மரியாதை. வேண்டாம் என்று சொல்ல அவன் பாஷை எனக்குத் தெரியாது.

ஏப்ரல் இரண்டாம் தேதி அவர் போய்விட்டார். அப்போது நான் கொழும்பில்தான் இருந்தேன். ஊர் திரும்பி மத்தூர் போனபோது அவர் மகன் பாஸ்போர்ட்டைக் காட்டினான். முத்திரை விழவேண்டிய பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன், எண்ணவில்லை. இப்போதும் வீட்டில் பால் கணக்கோ மின்சாரக் கணக்கோ சரியாக வந்துவிட்டால், மேலேயிருந்து யாராவது சொல்வார்கள் என்று ஒரு நொடி காத்திருக்கிறேன்.

அன்று நான் பேசியது ஊர் சிம்மில். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் காசே ஆகியிருக்காது என்று மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்கிறார். நிமிடத்துக்கு எழுபத்தைந்து, பதினொரு நிமிடம். குறிப்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. படிகள்: கணக்கு விட்டுப்போனது. மணி: எட்டு. போன்: எண்ணூற்று இருபத்தைந்து ரூபாய்.