தட்டாமல் விட்ட கதவு

லொரெய்னிடம் கைவிலங்கு கிடையாது, தடி கிடையாது, யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. ஓல்டாம் என்ற ஆங்கிலேய நகரத்தில் அவள் சமூகக் காவல் உதவியாளர். மஞ்சள் அங்கியும் வயர்லெஸ்ஸுமாக, பூட்ஸ் தேய நடப்பதும் வாய் வலிக்கப் பேசுவதும்தான் வேலை. தெருப் பையன்கள் வைத்த பெயர் பிளாஸ்டிக் போலீஸ்.

தன் எதிர்வீட்டுக் கார்ல் போதை மாத்திரை விற்கிறான் என்று ஐவி முந்தின நாள் போனில் கிசுகிசுத்திருந்தாள். எழுபது தாண்டியவள், தனியாக இருப்பவள். இப்படி ஒருவர் வாய் திறந்தால், தெருவில் எல்லாக் கதவையும் தட்டி ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வருவது லொரெய்னின் வழக்கம். சொன்னது யாரென்று எவனுக்கும் தெரியாது.

அன்று பாழாய்ப்போன பயம் புத்தியைக் கெடுத்துவிட்டது. ஐவி வாசலில் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று லொரெய்ன் அந்த ஒரு கதவை மட்டும் விட்டுவிட்டாள். இத்தனை வருட வேலையில் இப்படியும் ஒரு மடத்தனமா?

கார்ல் தன் வேனில் சாய்ந்து நின்றான். "என்ன பிளாஸ்டிக் போலீஸ், என் வீட்டக்கூடத் தட்டிட்ட. ஐவி கிழவிய மட்டும் விட்டுட்ட?"

லொரெய்ன் சிரித்து வைத்தாள். "இன்னும் முடிக்கலப்பா. அந்தம்மா பேச ஆரம்பிச்சா விடமாட்டாங்க, அதான் கடைசியா வெச்சேன்."

அவன் பார்வை முதுகில் ஊர, போய்த் தட்டினாள். கதவு திறந்தது. ஐவியின் கண் லொரெய்னைத் தாண்டி வேனுக்குப் போனது, முகம் வெளுத்தது.

"வணக்கம்மா. தெருவுல ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று லொரெய்ன் ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்.

"என் ஜன்னல ஒடச்சப்ப எங்கடி போயிருந்தீங்க? இப்ப கத கேக்க வந்துட்டா. நான் எதையும் பாக்கல, போ." கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கார்ல் சிரித்தபடி உள்ளே போனான். அப்பாடா, தப்பித்தோம் என்று லொரெய்ன் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை ஐவிக்குப் போன் போட்டாள். "நேத்து நல்லா சமாளிச்சீங்கம்மா. பிரமாதமா நடிச்சீங்க."

ஐவி குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு, இன்னிக்குக் குப்பை வண்டி வந்துட்டுப் போச்சு. தெருமுனையில கெடந்த என் தொட்டிய கார்ல் எடுத்துட்டு வந்து வாசல்ல வெச்சான். 'தனியா இருக்கீங்க, பாத்து இருங்க'ன்னு சொன்னான். இத்தன வருஷத்துல ஒருநாளும் செஞ்சதில்ல. இனிமே இந்த நம்பருக்குப் பேசாத."