மூடியும் மொட்டை மாடியும்

என் பட்டமளிப்புப் படத்தில் நான் கேமராவைப் பார்க்கவில்லை. கறுப்பு அங்கி, தொப்பி, கையில் சுருட்டிய பட்டம் எல்லாம் அமர்க்களமாக இருக்கின்றன. கண்கள் மட்டும் பாம்பைக் கண்டவன் போல வலப்பக்கம் பிதுங்கி நிற்கின்றன. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் ஊரில் என் அம்மா அந்தப் படத்தைக் கூடத்தின் நடுவில் மாட்டியிருக்கிறார். "பையன் ஏன் இப்படி மிரண்டு போயிருக்கான்?" என்று யாராவது கேட்டால், "படிப்பு அப்படி" என்று சமாளிக்கிறார்.

உண்மைக் காரணம் எங்கள் வீட்டுக்காரம்மா. நான் குடியிருப்பது மாடி அறையில். கீழே அவரும் அவர் கணவரும். அவரையும் நான் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவேன். கணவர் விமானப்படையில் கேமரா பிடித்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவருக்கு 'போட்டோ சார்' என்றுதான் பெயர். அன்று என்னை வாசலில் நிறுத்தி அவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். சமையலறை ஜன்னலிலிருந்து "மூடி!" என்று வீட்டுக்காரம்மா போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார் லென்ஸ் மூடியைக் கழற்றிய அதே வேகத்தில் அழுத்திவிட்டார். நான் ஜன்னலைப் பார்த்தபடியே பதிவாகிவிட்டேன்.

அவருடைய சொந்தக் கேமரா பழைய ஃபிலிம் கேமரா. கண் வைக்கிற துளை வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் துளையில் உலகம் பளிச்சென்று தெரியும். விமானத்தில் பொருத்திய படைக் கேமராவில் அந்தக் கவலை அவருக்கு இருந்ததில்லை. அங்கே மூடியைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. கழற்றியதைச் சிவப்பு நாடாவோடு தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் விமானம் நகரும். பணிக்காலம் முழுக்க சார் ஒரு மூடியைத் தொட்டதில்லை. விளைவு, கல்யாணமான புதிதில் எடுத்த முதல் ரோல் கன்னங்கரேல். மெக்கானிக் வேலையை அன்றைக்கே அம்மா எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டு ஆல்பத்தைப் பார்த்தால் சிரித்தே வயிறு வலிக்கும். கடற்கரையில் அம்மா, வாய் திறந்து. மடியில் கைக்குழந்தையோடு, வாய் திறந்து. மகள் கல்யாணத்தில் பட்டும் படாடோபமுமாக, வாய் 'ஆ'வென்று திறந்து.

"எல்லாரும் என்னைப் பாட்டுக்காரின்னு நினைச்சுக்கறாங்க, தம்பி" என்பார் அம்மா.

சார் பேச உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. ஒருநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்: "மேலேருந்து பாத்தா அதிகமா என்ன தெரியும், சொல்லு?"

"ஆறு, மலை..."

"துணி! எந்த ஊருக்கு மேல போனாலும் துணி காயுது. சண்டை நடக்கிற ஊர்லயும் காயுது. அதைப் பாத்தா ஒரு தெம்பு வரும். கீழ யாரோ குளிச்சிருக்காங்க, நாளைக்குப் போட்டுக்கத் துவைச்சிருக்காங்கன்னு." கிளிப்பை மாட்டிவிட்டு, "முகமெல்லாம் தெரியாது. நிழலைத்தான் படிக்கணும். காலை வெயில்ல ஆளை விட நிழல் நல்லா பேசும்" என்றார்.

அந்த வீட்டில் துணி உலர்த்துவது அவர் பொறுப்பு. அடிக்கோல் வைத்தது போல நேராக உலர்த்துவார். கொடி கோணலாக இருந்தால் வானத்திலிருந்து அசிங்கமாகத் தெரியுமாம்.

இந்த வீட்டுக்கு மேலேயே அவர் எத்தனையோ முறை பறந்திருக்கிறார். ஆனால் படையின் ஃபிலிமில் சொந்தப் படம் எடுக்கக் கூடாது. அம்மாவோ விமானச் சத்தம் கேட்டாலே மாடிக்கு ஓடுவார்.

"எதுல இவரு இருக்காருன்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் கையாட்டுவேன். சரக்கு விமானத்துக்கெல்லாம் ஆட்டியிருக்கேன்!"

போன மாதம் பறக்கும் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவுக்குப் பழைய ஆள் ஒருவரைச் சின்ன விமானத்தில் ஏற்றிச் செல்கிறார்களாம். கிளப் டாக்டர் சாரின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "இந்த ஒரு தடவை" என்று கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு மேலே ஒரே ஒரு வட்டம் அடிக்க விமானி சம்மதித்தார்.

"கேட்டுக்கோ" என்றார் சார் அம்மாவிடம். "நீ வாய் திறக்காம நிக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. மேலேருந்து எடுத்துத் தர்றேன். என் பொறுப்பு."

"மூடி?"

"அதுவும் என் பொறுப்பு. நீ சும்மா அழகா நில்லு."

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மூடியை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்தார். சார் கண்டுபிடித்து, துடைத்து, திரும்பவும் மாட்டினார்.

"கண்ணாடியில தூசி படிஞ்சா படம் போச்சு."

"மூடி இருந்தாலும் படம் போச்சுங்க!"

"வெளையாட்டுக்குச் சொல்லல. இந்தத் தடவை மறக்க மாட்டேன்."

விழா அன்று விடிந்ததும் சார் மாடிக்குப் போய் மஞ்சள் போர்வைகளை வரிசையாகத் தொங்கவிட்டார், வீட்டை அடையாளம் காண. பிறகு கிளப்புக்குக் கிளம்பினார். அம்மா புதுச் சேலை கட்டி, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாடியேறினார். பள்ளிக்கூடக் குழந்தை போல உதட்டை இறுக்கி நின்றார்.

விமானம் வந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எங்கள் பக்கமாக ஒரு இறக்கையைச் சாய்த்தது. அம்மா முகத்தில் சிரிப்பு; வாய் மட்டும் திறக்கவில்லை. வட்டம் பாதி முடிந்தது.

"தம்பி, கழட்டியிருப்பாரா?" உதடு அசையாமல் கேட்டார்.

"கழட்டியிருப்பாரும்மா."

முக்கால் வட்டம். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, அண்ணாந்து, தெருவே வெளியே வரும்படி கத்தினார்.

"மூடீ...!"

விமானம் நிமிர்ந்து போய்விட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "போச்சு. வாயைத் திறந்துட்டேன். படமும் இருக்காது."

சார் வீடு திரும்பினார். ஃபிலிமை ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு வந்ததாக மட்டும் சொன்னார். மறுநாள் ஸ்டூடியோக்காரர் போன் செய்தார். சார் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், வருத்தப்படாதீங்க... எல்லாம் கறுப்பு." அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கடைசி ஒண்ணு மட்டும் விழுந்திருக்கு."

படத்தை நானே ஓடிப்போய் வாங்கி வந்தேன். அக்கம்பக்கத்து வீடுகளின் கோணல்மாணலான கொடிகளுக்கு நடுவே, நேராக மஞ்சள் போர்வைகள். பக்கத்தில் கடுகளவு அம்மா. தளத்தில் நீளமாக ஒரு நிழல். அதன் தலைக்கு இருபுறமும் முழங்கைகள், இரண்டு கைப்பிடி வைத்த ஜாடி போல.

"துளையில எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நானும் அழுத்திக்கிட்டே இருந்தேன்" என்றார் சார். "திடீர்னு உன் நிழலுக்கு ரெண்டு காது முளைச்சுது. கை தானா மூடிக்குப் போயிடுச்சு."

"அப்ப இதுலயும் நான் கத்திக்கிட்டுதான் நிக்கிறேன்!"

"இருக்கலாம். ஆனா இவ்ளோ உயரத்துல வாய் தெரியுதா பாரு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்ல?"

அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்த் தேடினார். வாய் தெரியவில்லை. கெக்கெக்கென்று சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சார் அவசரமாக அலமாரியிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். சிரிக்கிற சிரிப்பில் அம்மாவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

நான்தான் கத்தினேன்.

"சார், மூடி!"