எரியுதா, சகலை?

நகராட்சியில் அவரை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவிளக்குப் பிரிவில் கம்பம் ஏறும் வயர்மேன். அவருடைய சகலைக்கும் அதே பிரிவு, அதே வேலை. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். சம்பளம், கம்பம், மாமனார் எல்லாம் சமம்.

விளக்குகளைக் கம்ப்யூட்டரிலேயே கவனிக்கும் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, "இந்த வயசுல பள்ளிக்கூடமா?" என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்தவர் ஏணிதான். சகலை சிரிக்கவில்லை, பெயர் கொடுத்தார். இப்போது சகலைக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி. ஏணிக்கு அதே ஏணி.

"தங்கச்சி வீட்டுக்காரர் சட்டையில இப்பல்லாம் அழுக்கே படறதில்லையாம்," என்றாள் மனைவி, சாப்பாடு போட்டபடி. ஏணிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாற்காலி இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். மறுநாள் மாலை பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்கப் போகிறார். தேறாவிட்டால் சகலை மறுபடி கம்பத்துக்கு வரவேண்டும், பயிற்சி வேறு ஆளுக்குப் போகும். அந்த வேறு ஆள் யார் என்று ஏணி மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்.

மறுநாள், விளக்குப் போடும் நேரம். நூலகத் தெரு முனையில் நின்றிருந்தவரின் போன் அடித்தது.

"சகலை, அந்த முனை விளக்கு எரியுதா?"

தலைக்கு மேலே பளிச்சென்று எரிந்தது.

"எரியலையே," என்றார் ஏணி.

"திரையில எரியுதுன்னு காட்டுதே..."

பக்கத்தில் பொறியாளரின் குரல் கேட்டது. "சரி, எதைப் பதிவு பண்ணப் போறீங்க? திரை சொல்றதையா, அவர் சொல்றதையா?"

ஏணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அவர் சொல்றதைத்தான் சார். வேலை விஷயத்துல எங்க சகலை பொய் சொல்லமாட்டாரு. திரைதான் தப்பு."

"அப்ப இத்தனை மாசப் பயிற்சி எதுக்கு?" என்றார் பொறியாளர்.

ஏணி அண்ணாந்து பார்த்தார். நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், பாழாய்ப்போன வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. ஒரு நொடி யோசிக்காமல் ஒருத்தரை இப்படி நம்ப அந்த ஆளால் முடிகிறதே! நாற்காலி என்ன நாற்காலி, இதுதான் தாங்க முடியவில்லை.

"சகலை, இருங்க இருங்க," என்றார். "மரக்கிளை மறைச்சிருந்துச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எரியுதா?"

"எரியுது சகலை," என்றார் ஏணி. "நல்லாவே எரியுது."