பேர் வர வேண்டிய இடம்

என் மேஜையில் ஒரு கேசட் இருக்கிறது. அதன் தலைப்பக்கம் இரண்டு ஓரத்திலும் செலோ டேப் ஒட்டி, அது பழுத்து மஞ்சளாகிக் கிடக்கிறது. கேசட் காலத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. கடையில் விற்கும் பாட்டு கேசட்டெல்லாம் காது உடைந்துதான் வரும். நம் ஆட்களா விடுவார்கள்? ஓட்டையின்மேல் செலோ டேப் ஒட்டினால் தீர்ந்தது, பழைய பாட்டை அழித்துப் புதுப் பாட்டைப் போட்டுக்கொள்ளலாம். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஆடியோ கடையில் அதற்கென்றே டிராயரில் ஒரு சுருள் கிடக்கும். இந்தக் கேசட்டில் ஒட்டியவள் நான்தான். இதன்மேல் லேபிள் இல்லை. அதைப் பிய்த்தவளும் நான்தான்.

கேசட் பெரியம்மாவுடையது. ரத்த உறவெல்லாம் கிடையாது, காலடிப்பேட்டையில் எங்களுக்கு எதிர்வீடு. அம்மா கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் எனக்குச் சோறு அந்த வீட்டில்தான். பெரியம்மாவின் ஒரே மகனை நான் அண்ணன் என்பேன். மழை நாளில் பள்ளிக்கூடம் வரை சைக்கிளில் கொண்டுபோய் விடுவான். இறங்கும்போது தலையில் ஒரு தட்டு தட்டி, “போய்ப் படி, கலெக்டரு” என்பான். அவன் துறைமுகத்தில் ராத்திரி வேலை முடித்து அதே சைக்கிளில் திரும்பி வரும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. அந்த ரோட்டில் அப்படிப் போன பிள்ளைகள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கும்போதுதான் தெரிகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புளியந்தோப்பிலிருந்து கானா பாடுகிறவரை அழைத்து வந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாவுப் பாட்டில் செத்தவர் பேரைச் சொல்லித்தான் பாட வேண்டும். பேர் வராவிட்டால் அது யாருக்கோ பாடின பாட்டு. அந்த மனிதர் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் பெரியம்மா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு கேட்டார்: “உம்புள்ளைய தூக்கத்துலேர்ந்து எப்டிம்மா எழுப்புவ?” பெரியம்மா அழுதுகொண்டே சொன்னாள்: “டீய ஊத்தி தலைமாட்டுல வெச்சிட்டு, ஆறிப்போவுதுடான்னு கத்திக்கினே இருப்பேன்.” அவ்வளவுதான். “ஊத்தி வெச்ச டீயி ஆறிப்போவுது, எழுந்துக்கடா” என்று அவர் எடுத்தார். அந்த வரி முடிந்ததும் அண்ணன் பேரைச் சொல்லி நீளமாகக் கூப்பிட்டார். அப்படி ஒரு கூப்பிடுதலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஆம்பளைகள் எழுந்து சந்துக்குள் போய்விட்டார்கள். எங்கள் கடை முதலாளி தெற்கத்திக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் அன்றைக்கு அதைப் பதிந்து கேசட்டாகப் போட்டார். கொஞ்ச காலம் திருவொற்றியூர் டீக்கடைகளில் எல்லாம் அதுதான் ஓடியது. அப்புறம் வேறு பாட்டு வந்தது, இதைப் போடுவதை நிறுத்திவிட்டார். இது தொண்ணூறுகளின் கடைசியில்.

சில வருஷம் கழித்து, நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து அண்ணாச்சி கடையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தபோது, ஒருநாள் பெரியம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றி இந்தக் கேசட்டை எடுத்து வந்தாள். “சுத்திக்கிச்சு பாப்பா. கொஞ்சம் இன்னான்னு பாரேன்” என்றாள். திருகாணியைக் கழற்றி நாடாவைச் சரிசெய்து ஓடவிட்டேன். பாட்டு புதுசு போல இருந்தது. அண்ணனின் நினைவு நாளில் மட்டும்தான் போடுவாளாம். கடையில் இருந்த மூலநாடா பூஞ்சை பிடித்துப் போயிருந்தது, பாடினவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல நிலையில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். “பெரிம்மா, இத வெச்சி சிடி போடலாம். மறுபடியும் கடையில விக்கும்” என்றேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நெஜமாவா? எம்புள்ள பேரு திரும்ப ரோட்டுல கேக்குமா?” என்றாள். கேட்கும் என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

அண்ணாச்சி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்தவன் வீட்டு எழவுல இந்தப் பேரைக் கூப்பிட்டா எவன் வாங்குவான்? அன்னைக்கே நாலு பேரு குறை சொன்னான். விட்ரு.” அவர் அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. “பேர மட்டும் எடுத்துடலாம் அண்ணாச்சி” என்றேன். அவர் மேல் பழி போட எனக்கு ஆசைதான், ஆனால் சொன்னது நான். பின்னால் ஒரு வரியில் பாட்டுக்காரர் ‘ராசா’ என்று இழுப்பார். அதை வெட்டி, அண்ணன் பேர் வரும் இடமெல்லாம் ஒட்டினேன். இரைச்சலை எடுத்தேன், யாரோ இருமியதை எடுத்தேன், குரலைத் தூக்கிவிட்டேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒட்டின இடம் எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் கூசுகிறது. பாட்டை அழியாமல் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினேன்.

பெரியம்மாவுக்கு மட்டும் பேரோடு ஒரு சிடி போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை, அதனால்தான் தள்ளிப்போட்டேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் சந்துக்குச் சந்து கூழ் ஊற்றுவார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள், எல்லாருக்கும் அம்மன் பாட்டு இன்றைக்கே வேண்டும். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று பழைய ஃபைல்களை அழித்தேன், கேசட்தான் இருக்கிறதே என்று பேரோடு ஏற்றியிருந்த பாட்டையும் சேர்த்து. வெற்றுக் கேசட் தீர்ந்துபோனது. டிராயரில் கிடந்த பழசுகளை அள்ளி மேஜையில் போட்டு, வரிசையாகச் செலோ டேப் ஒட்டினேன். அட்டைப்படத்துக்கு ஸ்கேன் செய்வதற்காகப் பெரியம்மாவின் கேசட்டிலிருந்து லேபிளைப் பிய்த்தெடுத்திருந்தேன் அல்லவா, அது மற்றதோடு மற்றதாக மொட்டையாகக் கிடந்திருக்கிறது. பதிந்து முடித்துக் கையில் எடுத்தபோதுதான் ஓரத்தில் இருந்த சின்ன விரிசலைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தத் திருகாணியைக் கழற்றியபோது என் கையால் விழுந்த விரிசல். ஓடவிட்டேன். அம்மன் பாட்டின் உடுக்கைச் சத்தம் கேட்டது.

அண்ணனின் நினைவு நாள் வந்தது. நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. எப்படியாவது ஒரு வழி கிடைக்கும் என்று கோழை மாதிரி நாளைக் கடத்தியிருந்தேன். பெரியம்மா கடைக்கு வந்த சிடியில் ஒன்றை வாங்கி, அந்த நாளுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தாள்; ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து வாசலில் கட்டியிருந்தாள். மாலை போட்ட அண்ணன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ. சொந்தக்காரர்களுக்கெல்லாம், “எங்க பாப்பாதான் சிடி போட்டுச்சு. புள்ளயோட பேரு எவ்ளோ கிளியரா கேக்கப்போவுது பாரு” என்று என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு ஆரம்பித்தது. டீ ஆறிப்போகிற வரி வந்ததும் பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ‘ராசா’ என்று வந்தது. கண்ணைத் திறந்தாள். அடுத்த தடவைக்குக் காத்திருந்தாள். மறுபடியும் ராசா. என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னா பாப்பா, பேரு வர்ல?” என்றாள். கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் ஒரு நம்பிக்கையோடு, “சரி, பழைய கேசட்ட எடும்மா, அத்த போட்டுக்கலாம்” என்றாள்.

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அண்ணனின் மாமா, “அறிவு இருக்குதா உனக்கு?” என்று அடிக்க வந்தார். அடித்திருக்கலாம். பெரியம்மாதான் அவரைத் தடுத்தாள். “வுடு. சாமி பாட்டுதானே ஏறிக்கீது” என்றாள். அப்புறம் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள். அந்த இடம் வந்ததும், ஸ்பீக்கரை மிஞ்சும்படி, அவளே மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் கூப்பிட்டாள். அந்த வருஷம் மட்டுமில்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும். நான் கடலூரில் வாழ்க்கைப்பட்ட பிறகும் அந்த நாளுக்கு வந்து, எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவேன். கேசட்டை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “நீயே வெச்சுக்க” என்றுவிட்டாள். மன்னிப்பா, தண்டனையா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சிடி நன்றாக விற்றது. இன்றைக்கு அது எல்லார் போனிலும் இருக்கிறது. எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் எந்த வீட்டில் பிள்ளை செத்தாலும் அதைத்தான் போடுகிறார்கள், ஒவ்வொரு தாயும் அந்த ராசாவைத் தன் பிள்ளையாக நினைத்து அழுகிறாள். நல்ல காரியம்தானே என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். போன மாதம் பெரியம்மா போய்விட்டாள். அவள் சாவு வீட்டிலும் யாரோ பிள்ளைகள் அதே பாட்டைப் போட்டார்கள். அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்து நான் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டேன், அவளுக்குப் பதிலாக இந்த ஒரு தடவை நானாவது கூப்பிட வேண்டும் என்று. குரல் வரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ‘ராசா’ என்று பாடினார்கள்.

வீட்டுக்கு வந்து எடுத்து மேஜையில் வைத்த இந்தக் கேசட்டை, இவ்வளவும் எழுதி முடித்த பிறகு கையில் எடுத்தேன். செலோ டேப் இரண்டையும் பிய்க்கப் பார்த்தேன், ஒன்று மட்டும் வந்தது. மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, பேனாவால் எழுதினேன். உள்ளே ஓடப்போவது ஆடி மாதத்து அம்மன் பாட்டுதான். மேலே மட்டும் இருக்கிறது: எத்திராஜு.