கட்டையில் நிற்கும் சிவப்புக் கார்

தேர் இரண்டாவது வளைவில் நின்றுகொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தேயிலைக்குள் இறங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று சூசை மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோக்காரன் சிவாதான் மறுபக்கம். "மாஸ்டர், சூசை மாஸ்டர் முடிஞ்சிட்டாருங்க. ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட கூட வரல. மேரி அக்கா பக்கத்துலதான் இருக்காங்க, பேசுறீங்களா?" என்றான். போனை அணைத்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்த அஞ்சலியில் நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டப் பாடசாலையில் அவர் கணக்குப் படிப்பித்தார், நான் தமிழ். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த குவாட்டர்ஸ். அவருடைய சிவப்புக் காரை அறியாதவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. இரண்டு கதவு, இரண்டு ஆசனம், தரையைத் தடவிக்கொண்டு போகிற பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். குன்றும் குழியுமான தோட்டத்து ரோட்டுக்கு அதை வாங்கி வந்தவரைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பதினொரு வருடம் அதில் ஓசியில் போய் வந்தேன்.

மழைக்காலத்தில் அந்த இயந்திரத்துக்குள் ஈரம் இறங்கிவிடும். விடிந்ததும் மாஸ்டர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே அனுப்புவார். அவர் மனைவி மேரி அக்கா ரொட்டி சுடுகிற அடுப்பின் ஓரத்தில் அதைக் காயவைத்து, முந்தானையில் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பார். "உங்க மூத்த பொண்டாட்டிக்கு வேது பிடிச்சாச்சு, கொண்டு போங்க," என்பார். அக்காவும் அந்தக் காரை நன்றாக ஓட்டுவார். மாஸ்டரைவிட நன்றாக ஓட்டுவார் என்று ஒருமுறை நான் சொல்லிவிட்டதால், மாஸ்டர் இரண்டு நாள் என்னை பஸ்ஸில் போகவிட்டார்.

கராஜ் என்று ஒன்று அவரிடம் இருந்ததில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் இறக்கி, கீழே சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வார். கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைப்பார். இதை ஒழுங்கான கராஜில் கொடுத்தால் என்ன என்று கேட்டால், "ஓடுற காருக்குத்தான் மாஸ்டர் வியாதி வரும். நிக்கிற காருக்குத் துரு மட்டுந்தான்," என்பார். காரைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் பொறுமை அதிகம். பிள்ளைகள் கணக்கில் பிழை விட்டால் அதில் பாதிகூட இருக்காது.

ஒருமுறை பாடசாலைக்குப் போகும் வழியில் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் குளவி கொட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு ரோட்டோரம் கிடந்தார்கள். "இறங்குங்க மாஸ்டர்," என்றார் சூசை. இறங்கினேன். இரண்டு பேரையும் ஒரே ஆசனத்தில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்காரவைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஏற்றத்தில் அவர் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவரும் இன்றைக்கும் மலைக்குப் போகிறார்கள். அவர் அடக்கத்துக்கு வந்து, காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

அந்தக் கார் அப்போது நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. கிளட்ச் தட்டு தேய்ந்துபோய், கியர்பெட்டியைக் கழற்றிச் சாக்கின் மேல் இறக்கி வைத்திருந்தார். புதுத் தட்டைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஹட்டனுக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம். ரஹீம் நானாவின் ஹார்ட்வேர் கடையில் இறக்கிவிடுவார்கள். காருக்கடியில் கிடக்கிற மனிதர் போன் எடுக்கமாட்டார் என்பதால் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

இனிமேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். பங்குனியில் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினோம். நான் கோவில் கமிட்டிச் செயலாளர், கையில் காப்பு. கட்டியவன் தேர் முடியும்வரை தோட்டத்து எல்லை தாண்டக்கூடாது. மறுநாளே ரஹீம் நானா எனக்குப் போன் பண்ணினார். "சாமான் வந்து கெடக்கு மாஸ்டர். பொகவந்தலாவ பஸ்ல போட்டு உடவா?" என்று கேட்டார். "இருக்கட்டும் நானா, திருவிழா முடிய நானே வந்து எடுக்கிறேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். தேருக்கு வெளிச்சம் போடுகிற ஜெனரேட்டர் போன வருடம் நடுவழியில் நின்று மானம் போயிருந்தது. அதைப் பிரித்துச் சரிசெய்ய சூசை மாஸ்டரை விட்டால் ஆளில்லை. கத்தோலிக்கர்தான், ஆனாலும் கூப்பிட்டால் வருவார். தட்டு வந்துவிட்டது என்று தெரிந்தால் ஜெனரேட்டரை அப்படியே போட்டுவிட்டுக் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வார். தினமும் கேட்டார். "கிளட்ச் வந்துச்சா மாஸ்டர்?" "இன்னும் இல்ல." அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. கணக்கு மாஸ்டர், எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவர், என் பேச்சை மட்டும் ஒருதரம்கூடச் சரிபார்க்கவில்லை.

தேரன்று பின்னேரம் ஜெனரேட்டரை ஓடவிட்டு, "சட்டை மாத்திட்டு வாறேன்," என்று வீட்டுக்குப் போனார். வாசற்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிவா காவடி எடுத்து ஆடிக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டத்தில் தேடிப்பிடித்து, காவடியை இறக்கி, ஆட்டோவைக் கொண்டுவர இருபது நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. மூன்று பேரை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் அது திணறி இரண்டு இடத்தில் நின்றதாம். நான் கூடப் போகவில்லை. காப்பைக் காட்டி எல்லையில் நின்றுவிட்டேன். சாமி என்னை அதற்காகக் கோபிக்காது என்று அன்று நினைத்தேன். இப்போது அதன் கோபமோ கருணையோ எனக்கு எதற்கும் ஆகாது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு மேரி அக்கா என்னிடம் கேட்டார்: "அந்தத் தட்டு வந்துருச்சா மாஸ்டர்?"

"இல்லக்கா. இன்னும் வரல."

"வந்திருந்தா அவரு அன்னிக்கே பூட்டி ஓடவிட்டிருப்பாரு. நானே ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன். பத்து நிமிசம் அந்த ஏத்தம். என்ன செய்ய, நம்ம தலையெழுத்து," என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

இப்படி எழுதுகிறவர்கள் கடைசியில் போனவரிடமிருந்து தமக்கு மிஞ்சியதைச் சொல்வார்கள். அவர் என் சொல்லை நம்பினார், அந்த நம்பிக்கைதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு ஓர் இடமும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்துகொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் இதை எழுதுகிறேன். அந்தத் தட்டு காப்புக் கட்டின மறுநாளே வந்துவிட்டது, அக்கா.